நடுச்சுவரில் ஈரம்

அதியமான்கோட்டை
வெகுதானிய வருஷம் ஐப்பசி 10

தம்பி தர்மனுக்கு அண்ணி பெரியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் இருக்கிறோம். கோலாரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இரண்டு வருஷமாக எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. உனக்குக் கடிதம் போடக்கூடாது என்பது உன் அண்ணன் உத்தரவு. இதை அவர் காட்டு வேலைக்குப் போயிருக்கும்போது எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போய், தண்ணீர் கீழ்த்தெரு வழியாக ஓடுகிறது. அது நம் வாசல்வரை வரவில்லை. எனக்குப் பயம் வெளித் தண்ணீரால் அல்ல, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நீ பூட்டிவிட்டுப் போன உன் வீட்டுக்குள் இருக்கிற தண்ணீரால்தான். உன் பக்கத்து முகட்டில் ஓடு சரிந்துவிட்டது. மழை வலுக்கும்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் குடத்திலிருந்து ஊற்றுகிற மாதிரி சத்தம் கேட்கிறது. விழுந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. உள்ளேயே தேங்கி நடுச்சுவருக்கு அடியில் ஊறி எங்கள் பக்கம் வருகிறது. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. குழந்தை முனியாயி பாய் போட்டுப் படுத்திருந்த இடமெல்லாம் நனைந்துவிட்டது.

அந்தச் சுவர் எப்படி எழும்பியது என்று உனக்கே தெரியும். பாகம் பிரித்த அன்று இருந்த கோபத்தில் நீங்கள் இரண்டு பேரும் கடைக்கால்கூடத் தோண்டாமல், இருந்த தரைமேலேயே மண்ணை வைத்து எழுப்பினீர்கள். அது எத்தனை மழை தாங்கும்?

உன் அண்ணனிடம் ஏறி ஓட்டை மாற்றச் சொன்னேன். "அவன் பூட்டிட்டுப் போன வூடு. நான் ஏறினா, திருடறதுக்கு ஏறினான்னு சொல்லுவான். வாயால சொல்லலைன்னாலும் மனசுல நெனப்பான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

நீ சாவியை அனுப்பு. இல்லையென்றால் பூட்டை உடைக்கலாம் என்று ஒரு வரி எழுதிவிடு. மற்றது உன் இஷ்டம்.

பெரியம்மாள்


மாரிகுப்பம்
1-11-1938

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். சுரங்கத்தில் பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் வேலை. பழகிவிட்டது.

என் பக்கத்து ஓட்டை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பு நானே ஏறி மாற்றிவிட்டுத்தான் வந்தேன். அதற்குள் சரிந்துவிட்டது என்றால் நம்புவது கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதச் சொன்னது நீங்களா, அண்ணனா என்றும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வாழ்க்கைப்பட்ட சின்னபொண்ணு காய்ச்சலில் போய் அவள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட ஊர் திரும்பாதபோதே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பென்னாகரத்துக்குப் போய் எனக்குப் பெண் பேசி வெற்றிலை மாற்றிவிட்டு வந்தவர் அவர். இன்றைக்குப் பூட்டைத் திறந்தால் நாளைக்கு அவள் சாமானை எல்லாம் எடுத்து வெளியில் போட்டுவிட்டு, வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்து குடித்தனம் பண்ணு என்று ஆள் அனுப்புவார்.

அதனால் சாவியை அனுப்புவதற்கில்லை. பூட்டை உடைக்கவும் வேண்டாம். அந்த வீடு அவள் விட்டுப்போனபடி இருக்கட்டும். உங்கள் பக்கம் சுவரோரமாக வாய்க்கால் மாதிரிக் கீறிவிட்டால் தண்ணீர் வெளியே போய்விடும்.

தர்மன்

உறை ஒட்டுமுன் இன்னொன்று. சுவரில் விரிசல் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் நெட்டுக்குத்தாகவா, படுக்கையாகவா? சுவர் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.


அதியமான்கோட்டை
ஐப்பசி 23

தம்பிக்கு,

உன் பதிலைப் பார்த்தபின் இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் அண்ணன் கூரையிலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தருமபுரியிலிருந்து கட்டு வைத்தியரை வண்டியில் அழைத்துவந்தோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, அசைத்தால் எலும்பு நகர்ந்துவிடும், பிறகு ஆயுசுக்கும் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்படி ஒழுகுகிறது. மாட்டுக் கொட்டகையில் கணுக்கால் தண்ணீர். தரை ஈரமானாலும் கட்டில் போட மேலே ஒழுகாத ஒரே இடம் நடுச்சுவர் ஓரம்தான். அங்கே படுத்திருக்கிறார்.

விரிசல் விழுந்திருக்கிறது. படுக்கையாக, முழங்கால் உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அதற்கு மேலே சுவர் எங்கள் பக்கமாகப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த வீட்டு மாது வந்து பார்த்தான். "ஏங்க்கா, இது நிக்காதுங்க. இன்னிக்கோ நாளைக்கோங்க. அண்ணன கட்டலோட தூக்கிரலாம்" என்றான். தூக்கிப் பார்த்தோம். கதவு குறுகல், கட்டிலைச் சாய்க்காமல் வெளியே கொண்டுபோக முடியாது. சாய்த்ததும் அவர் போட்ட சத்தத்தில் நானே கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். "வுழுந்தா வுழுட்டும், என்னை வுட்டுருங்க" என்கிறார்.

குழந்தைகளை மாது வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். மண் ஒரு கட்டி உதிர்ந்தாலும் என் கை தானாகச் சுவர்மேல் போகிறது. சுவர் வந்தால் என் கை தாங்காது என்று தெரியும். இருந்தாலும் கை போகிறது.

நீ பூமிக்கு அடியில் பாறைக்கே முட்டுக் கொடுக்கிறாய். இந்தச் சுவருக்கு எப்படிக் கொடுப்பது? வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

பெரியம்மாள்


மாரிகுப்பம்
12-11-1938

அண்ணிக்கு,

கடிதம் வந்த உடனே எழுதுகிறேன். மாதுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை அவனுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. கூரை நடுச்சுவர்மேல் நிற்கவில்லை, பழைய கல்தூண்மேல் நிற்கிறது. சுவர் போனாலும் கூரை வராது. அந்தப் பயத்தை விடுங்கள். சுவருக்கு மட்டும் வழி பார்க்கவேண்டும்.

என் வீட்டுப் பூட்டை உடைத்துவிடுங்கள். கதவைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். அந்தக் கதவுப் பலகையை, சுவர் தள்ளியிருக்கிற இடத்தில் நிறுத்திச் சாத்துங்கள். இரண்டு மரத்தைச் சாய்வாகப் பலகையில் முட்டவைத்து, அடிமுனையைத் தரையில் குழிபறித்து இறக்குங்கள். குழிக்குப் பின்னால் கல் வைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஆப்பைச் செருகி இறுக்குங்கள். ஆப்பைச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அதிர்ச்சியில் சுவர் வந்துவிடும். கையால் அழுத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்துங்கள். சுவரைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்க வேண்டாம். நிற்கிற இடத்தில் பிடித்து வைத்தால் போதும்.

அதற்குப் பிறகு என் பக்கத்து வாசற்படியின் ஓரத்தில் துளைபோட்டு உள்ளே இருக்கிற தண்ணீரை மெதுவாக வெளியே விடுங்கள். சுவர் அடியில் மண்வெட்டியே படக்கூடாது. போன கடிதத்தில் வாய்க்கால் கீறச் சொன்னேனே, அதைச் செய்திருந்தால் உடனே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

கதவைக் கழற்றினதும் நீங்கள் மட்டும் உள்ளே போங்கள் அண்ணி. தெற்குச் சுவரைத் தொட வேண்டாம். சின்னபொண்ணு படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவள் கையால் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசியது அது. கையை வளைத்து வளைத்துப் பூசுவாளே, அந்த விரல் தடம் அப்படியே இருக்கிறது. நான் வீட்டைப் பூட்டினதே யாராவது அதன்மேல் மறுபடி பூசிவிடுவார்கள் என்றுதான். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

அண்ணன் இந்த மழையில் ஏன் கூரைமேல் ஏறினார்? உங்கள் பக்கம் ஒழுகியதா? எழுதுங்கள்.

தர்மன்


அதியமான்கோட்டை
கார்த்திகை 1

தம்பிக்கு,

முட்டு நிற்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பூட்டு துருப்பிடித்து, மாது கல்லால் ஒரு தட்டுத் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. நீ சொன்னபடி கதவைச் சாத்தி, எங்கள் களத்தில் கிடந்த இரண்டு பனைமரத் துண்டை முட்டுக் கொடுத்தோம். ஆப்பைக் கையால் அழுத்தும்போது மாது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரிசல் அதற்கு மேல் அகலவில்லை. மூங்கில் குச்சியால் அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரை விட்டோம். கலங்கலாகப் போனது. கூடவே முளைவிட்ட கேழ்வரகும் போயிற்று. உன் குதிர் அடிமண் கரைந்து உடைந்துவிட்டது தம்பி. உள்ளே இருந்த கேழ்வரகெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளைத்து நாறிக் கிடந்தது. பாய் தொட்டதும் இற்றுவிட்டது. தலையணையில் காளான் பூத்திருந்தது. அவளுடைய பெட்டியை ஆட்டுக்கல்மேல் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், அதனால் அது தப்பியது. அடியில் இருந்த சேலைகள் மட்டும் நனைந்து, சிவப்புச் சேலையின் சாயம் மற்றதில் ஏறிவிட்டது. மாது வீட்டில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி ஒவ்வொன்றாக உலர்த்துகிறேன். புகை வாசம் பிடிக்கும், பிறகு துவைத்துக்கொள்ளலாம். அவள் ஈயப் பாத்திரம், அரிவாள்மணை, சாமி படம் எல்லாம் இருக்கின்றன. சாமி படத்தில் பூஞ்சை ஏறி முகம் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். இதைச் சொல்லக்கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் ஏறியது உன் பக்கத்துக் கூரையில். அன்று காலையில் நான் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வரும்போது உன் வாசலில் ஓடுகளோடு விழுந்து கிடந்தார். பழைய ஓடு அல்ல, புது ஓடு. எப்போது வாங்கி எங்கே வைத்திருந்தார் என்று எனக்கே தெரியாது.

நான் உன் வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம் கேட்டு, "யாரு அங்க?" என்றார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த முட்டு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் குடுத்திருக்கான்" என்றார்.

வானம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. கூரை ஓட்டையை ஓலைத் தடுக்குப் போட்டு மூடியிருக்கிறோம். காற்று வந்தால் நிற்காது.

பெரியம்மாள்


மாரிகுப்பம்
20-11-1938

அண்ணிக்கு,

அண்ணன் என் கூரையில் ஏறினார் என்ற இடம்வரைதான் வாசித்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். கீழே இறங்கினால் வேறு நினைப்பு வரக்கூடாது என்பார்கள். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. மேலே வந்த பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன்.

அவருக்குக் கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றியதா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று விரலைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நடுச்சுவர் இனி நிமிராது. ஒருதரம் வயிறு தள்ளிய சுவரை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. முட்டு இருக்கும்போதே, என் பக்கத்திலிருந்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஈரமண் கனமாக இருக்கும். யாரும் கீழே நிற்க வேண்டாம். ஆனால் அது அவரும் சேர்ந்து எழுப்பிய சுவர். அவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். எனக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள்.

குதிர், பாய், சேலை, சாமி படம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். தெற்குச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறந்திருக்கமாட்டீர்கள்.

என்ன ஆயிற்று அண்ணி?

தர்மன்


அதியமான்கோட்டை
கார்த்திகை 10

தம்பிக்கு,

மறக்கவில்லை. எழுத வரவில்லை.

அதற்கு முன்னால் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று காலையிலேயே நடுச்சுவர் விழுந்துவிட்டது. நான் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் இல்லை. மண் மூட்டையை இறக்கிய மாதிரி ஒரு சத்தம். உள்ளே ஓடினேன். முட்டு நின்ற இடத்தில் நிற்கிறது. சுவர் இந்தப் பக்கம் வர வழியில்லாமல் உன் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. உன் அண்ணன்மேல் ஒரு கட்டி மண்கூட விழவில்லை. கூரையும் நீ சொன்னபடி அப்படியே நிற்கிறது.

அவர் கட்டிலில் படுத்தபடி தலையைத் திருப்பி உன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் இல்லாததால் அங்கிருந்து தெற்குச் சுவர்வரை நேராகத் தெரிகிறது. "சின்னபொண்ணு பூசின சுவரு போயிருச்சே" என்றார். நான் அவரிடம் நீ எழுதியதைச் சொல்லவில்லை தம்பி. அவர் தானாகவே அறிந்திருக்கிறார். "அவன் பூட்டினப்பவே எனக்குத் தெரியும். அதனாலதான் ஓட்டை மாத்தலாம்னு ஏறினேன்" என்றார்.

ஆம். நான் கதவைக் கழற்றி உள்ளே போனபோதே பூச்சு சரிந்து கீழே குவியலாகக் கிடந்தது. தண்ணீர் அந்தச் சுவர் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. கிழக்கு மூலையில், கூரைக்குக் கீழே, ஒரு முறத்து அகலத்துக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. அதில் அவள் கை வளைந்து போன தடம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அன்று உனக்கு எழுதும்போது அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சேலைக் கணக்கையெல்லாம் எழுதினேன்.

அந்தத் துண்டும் சுவரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் வருகிறது. சுற்றிலும் புதிதாகப் பூசினால் அந்த ஈரத்தில் இது விழுந்துவிடும். பூசாமல் விட்டால் அடுத்த மழையில் வெறும் சுவர் ஊறித் தெற்குச் சுவரே போய்விடும். அதன்மேல்தான் உத்திரம் இருக்கிறது. மாது தினமும் கேட்கிறான், "எப்பங்க்கா பூசறது?" என்று. தம்பி கடிதம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ சொல்கிறபடி செய்கிறேன். சொல்லும்வரை என் கை அதன்மேல் படாது.

பெரியம்மாள்

அண்ணனுக்குக் கால்விரலில் உணர்ச்சி இருக்கிறது. வீக்கம் குறைந்திருக்கிறது.


மாரிகுப்பம்
29-11-1938

அண்ணிக்கு,

லீவு கிடைத்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் கிளம்பி, மொரப்பூரில் இறங்கி, சின்ன ரயிலில் தருமபுரி வருகிறேன். அங்கிருந்து நடந்துவிடுவேன். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

நான் வரும்வரை மழை இல்லையென்றால் அந்தச் சுவரை அப்படியே விட்டு வையுங்கள். ஒருதரம் பார்த்துவிடுகிறேன். மழை வந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பூசிவிடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அண்ணனிடம் நான் வருவதைச் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்றும் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படிச் சரியோ அப்படிச் செய்யுங்கள்.

தர்மன்


அதியமான்கோட்டை
மார்கழி 5

தம்பி தர்மனுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. பிரயாணத்தில் குளிர் பிடித்திருந்தால் மிளகு போட்டுக் குடி.

நீ இங்கே இருந்த நாட்களில் உன்னிடம் சரியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை. ஓடு மாற்றுவதும் மண் மிதிப்பதுமாக எல்லோருக்கும் வேலை சரியாக இருந்தது. ஆனாலும் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ வந்ததும் அந்த மூலைக்குக் கீழே போய் நின்றாய். நான் பின்வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தத் துண்டை நீயே கையால் எடுத்துக் குழைத்த மண்ணில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாய். "பூசுங்க அண்ணி, மண்ணு பதமா இருக்குது" என்றாய். எனக்கு அவள் மாதிரி வளைத்துப் பூச வராது. நேராகத்தான் வரும். நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பெரிய உபகாரம்.

நீ போன மறுவாரம் மழை திரும்பி வந்தது. பகல் முழுக்கக் கொட்டியது. உன் அண்ணன் கட்டிலில் படுத்தபடி, "தெக்கால போய்த் தொட்டுப் பாரு" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனாலும் மழை என்றால் சோறு வடிக்கிறபோதுகூடக் காது கூரைமேல்தான் இருக்கிறது. இந்த வருஷம் முழுக்க இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

வைத்தியர் வந்து கட்டை மாற்றினார். எலும்பு கூடிவருகிறது, தைக்குப் பிறகு ஊன்றலாம் என்றார்.

நீங்கள் இரண்டு பேரும் இருந்த நாளெல்லாம் ஓட்டைப் பற்றியும் சாந்தைப் பற்றியும்தான் பேசிக்கொண்டீர்கள். நடுச்சுவரை மறுபடி எழுப்புவதா வேண்டாமா என்று நீயும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மண்ணை அள்ளிக் கொட்டியதோடு சரி. நேற்று அவர் என்னிடம், "அவனுக்கு என்ன எண்ணம்னு கேட்டு எழுது" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை நாள் நான் ஓடியது போதும். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் வார்த்தையிலேயே எழுதுகிறேன் என்று காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தர்மனுக்கு" என்றார். எழுதினேன். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கிற்று, எழுந்து போய்விட்டேன். வந்து பார்த்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அதனால் நீ முதலில் எழுது தம்பி. சுவர் வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுது, வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுது. எதுவானாலும் அவர் கேட்டுக்கொள்வார். எனக்கு எழுத வேண்டாம். உறைமேல் அவர் பெயரைப் போடு. அவருக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும். அது இருக்கட்டும். இந்த வீட்டுக்கு அவர் பெயருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால்காரர் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

பெரியம்மாள்